ஏழு கடிதம், ஏழு ஊர்: வெளிப்படுத்தின விசேஷத்தின் சபைகளைத் தேடி மேற்குத் துருக்கியில் ஒரு வாரம்

பஸ் ஒரு தெருமுனையில் நின்றது. சுற்றிலும் வீடுகள், பக்கத்தில் ஒரு டீக்கடை, நடுவில் கம்பிவேலி போட்ட சின்ன வளாகம். உள்ளே யானைக் கால்களைப் போல மூன்று பெரிய தூண்கள், கீழே கல், மேலே செங்கல். “இதுதான் பிலதெல்பியா” என்றார் வழிகாட்டி. எங்களோடு வந்த மார்த்தாண்டத்து அக்கா ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அண்ணே, சபை எங்கே?”

நியாயமான கேள்விதான். ‘ஏழு சபைகள்’ என்றதும் நம் மனதில் ஏழு ஆலயக் கட்டடங்கள் வந்துவிடுகின்றன. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் ஏழு ஊர்ச் சபைகளுக்கும் கடிதம் எழுதிய 1-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆலயக் கட்டடமே கிடையாது. வீடுகளில் கூடினார்கள். இன்று காட்டப்படும் ஆலய இடிபாடுகள் எல்லாமே சில நூற்றாண்டுகள் பிந்தியவை. அதனால் அங்கே போய்ச் சபையைத் தேடினால் ஏமாற்றம்தான். கடிதத்தில் வரும் தண்ணீரையும் பாறையையும் துணியையும் தேடினால், ஏழு ஊரும் பேச ஆரம்பிக்கும். இந்த வழிகாட்டி அப்படித் தேடுகிறவர்களுக்காக.

படி 1: வீட்டிலேயே ஒரு மாலை

வெளிப்படுத்தின விசேஷம் 2, 3-ஆம் அதிகாரங்களை (கத்தோலிக்கர்களுக்குத் திருவெளிப்பாடு) ஒரே மூச்சில் படியுங்கள். அப்புறம் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, கடிதங்கள் வரும் வரிசையிலேயே ஊர்களைக் குறியுங்கள். இன்றைய பெயர்கள் இவை: எபேசு இருப்பது செல்சுக் ஊருக்குப் பக்கத்தில். சிமிர்னாதான் இஸ்மிர். பெர்கமு இப்போது பெர்காமா, தியத்தீரா அக்ஹிசார், சர்தை சார்ட் என்ற கிராமம், பிலதெல்பியா அலாஷெஹிர். லவோதிக்கேயா டெனிஸ்லி நகரத்துக்கு வெளியே.

புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வளைவு வரும். கடற்கரையை ஒட்டி வடக்கே ஏறி, பெர்கமுவில் திரும்பி, உள்நாட்டு வழியாகத் தென்கிழக்கே இறங்கும். கடிதம் கொண்டுபோகிறவன் நடந்த பாதை இந்த வரிசைதான் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ராம்சே என்ற அறிஞர் சொன்னார். அவர் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் பயணத் திட்டம் போட இதைவிட நல்ல வரிசை கிடையாது.

கையோடு ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி: எழுத்து, மண், மரபு. வேதத்தில் என்ன இருக்கிறது, தோண்டியதில் என்ன கிடைத்தது, பின்னால் வந்தவர்கள் என்ன சொல்லிவருகிறார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். வழிகாட்டிகள் மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். எது எது என்று பிரிப்பது உங்கள் வேலை. மரபு என்றால் பொய் என்று அர்த்தமில்லை, அதை வேறு பத்தியில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: விசா, காலம், வண்டி

இந்தியக் கடவுச்சீட்டுக்குத் துருக்கி விசா முன்கூட்டியே வேண்டும். அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் விசா செல்லுபடியாக வைத்திருப்பவர்களுக்கு இணையவழி விசா கிடைக்க வழியுண்டு. விதிகள் மாறுகிறவை, டிக்கெட் போடும் முன் அதிகாரபூர்வ தளத்தைப் பார்த்துவிடுங்கள். யோவான் இருந்த பத்மு தீவையும் சேர்த்துக்கொள்ள ஆசை வரும். அது கிரேக்க நாடு, ஷெங்கன் விசா தனி. துருக்கி விசாவும் இருமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலையில் பளிங்குத் தரையில் நடப்பது தோசைக்கல்லில் நடப்பது போல. நிழலே கிடையாது.

வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கு ஏழு இரவு போதும்: செல்சுக்கில் இரண்டு, இஸ்மிரில் ஒன்று, பெர்காமாவில் ஒன்று, சார்ட் அருகே சாலிஹ்லியில் ஒன்று, பாமுக்கலேயில் இரண்டு. கார் வேண்டாம் என்றாலும் முடியும். இஸ்மிர் பாஸ்மனே நிலையத்திலிருந்து டெனிஸ்லி போகும் ரயில், விமான நிலையத்தையும் செல்சுக்கையும் தொட்டுப் போகிறது. சாலிஹ்லி, அலாஷெஹிர் பக்கமும் ரயில் உண்டு. ரயில் போகாத இடத்துக்கு ‘டோல்முஷ்’ என்ற சிறிய வேன் இருக்கிறது. ஏறக்குறைய நம் ஊர் ஷேர் ஆட்டோ முறைதான்: கைகாட்டினால் நிற்கும், காசை முன்னால் இருப்பவர் வழியாக டிரைவருக்குக் கடத்த வேண்டும்.

பேக்கேஜில் போவதென்றால் ஒன்றே ஒன்றைப் பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம்? நாங்கள் முதல்முறை போனபோது கேட்காமல் விட்டோம். சர்தையில் 25 நிமிஷம் நிறுத்தினார்கள். ஒரு தோல் ஜாக்கெட் கடையில் இரண்டு மணி நேரம். இரண்டாம் முறை நான் தனியாகப் போனதே அந்தக் கடுப்பில்தான்.

படி 3: எபேசு, மேலிருந்து கீழே

எபேசுவுக்கு மேல்வாசல், கீழ்வாசல் என்று இரண்டு உண்டு. மேல்வாசலில் இறங்கினால் முழுக்க இறக்கமாக நடக்கலாம். திறந்தவுடன் போய்விடுங்கள். குஷாதாசித் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளில் கூட்டம் அலைமோதும். செல்சஸ் நூலகத்தின் முகப்பை எல்லாரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். ஆனால் அது 2-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த அப்போஸ்தலன் பவுலின் கண்ணில் பட்டதல்ல.

பவுலின் கதை நடந்தது அதற்கும் கீழே உள்ள பெரிய அரங்கத்தில். சுமார் 25,000 பேர் உட்காரக்கூடியது. அப்போஸ்தலர் 19-இல், தியானாள் தேவியின் சிறு கோவில்களை வெள்ளியில் செய்து விற்ற தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட கூட்டம் இங்கேதான் இரண்டு மணி நேரம் “எபேசியருடைய தியானாளே பெரியவள்” என்று கத்தியது. இங்கே ஒரு சின்னக் குழப்பம் வரும்: நம் வேதாகமத்தில் தியானாள், அங்குள்ள பலகைகளில் ஆர்ட்டெமிஸ். இருவரும் ஒருவரே. நடுவரிசைக்கு ஏறி உட்கார்ந்து அந்த அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தொழில் படுத்துவிடும் என்ற பயம்தான் அந்தக் கூச்சலின் அடியில் இருக்கிறது என்பது தெரியும்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே நேர் எதிரே பாருங்கள். துறைமுகச் சாலை அம்பு விட்டது போலப் போய்ப் புதரில் முடிகிறது. முன்பு அந்த முனையில் கப்பல் நின்றது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறைமுகம் தூர்ந்து, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ‘விளக்குத்தண்டை அதன் இடத்தைவிட்டு நீக்கிவிடுவேன்’ என்று எபேசுவுக்கு எழுதிய வரியை அங்கே வைத்துப் படித்தால் ஒரு மாதிரி இருக்கும். வரியை எழுதியவர் வண்டலை நினைத்தாரா என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நோட்டில் அதை ‘மண்’ பத்தியில் மட்டும் எழுதுங்கள்.

உலக அதிசயங்களில் ஒன்றான அந்த ஆர்ட்டெமிஸ் கோவில் செல்சுக் ஊர் ஓரத்தில் ஒரு சதுப்புக்குள் கிடக்கிறது. துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே ஒரு தூண். அதன் உச்சியில் நாரை கூடு. ஐந்து நிமிஷப் பார்வைதான், ஆனால் தவறவிடாதீர்கள். பக்கத்து மேட்டில் யஸ்டினியன் பேரரசர் 6-ஆம் நூற்றாண்டில் கட்டிய யோவான் ஆலயம், அவர் கல்லறை என்று மரபு சொல்லும் இடத்தின்மேல்.

மலைமேலுள்ள மாதாவின் வீடு மரபுப் பத்தியில் வரும். ஜெர்மானியத் துறவி ஒருவரின் காட்சிகளை வைத்துக்கொண்டு 1891-இல் குருக்கள் தேடிக் கண்டுபிடித்த இடம். 1967, 1979, 2006-இல் திருத்தந்தையர் வந்து போயிருக்கிறார்கள். முஸ்லிம் பெண்கள் வரிசையில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றுவதை அங்கே பார்க்கலாம்.

படி 4: சிமிர்னாவும் பெர்கமுவும்

இஸ்மிர் பெரிய நகரம். பழைய சிமிர்னாவில் பார்க்கக் கிடைப்பது முக்கியமாகச் சந்தைவெளி, அதாவது அகோரா. ஊருக்கு நடுவில் இருக்கிறது. அடித்தளத்து வளைவுகளுக்குக் கீழே இன்னும் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். அந்த அடித்தளச் சுவர்களில் கடைக்காரர்களும் வெட்டிப்பொழுது போக்கியவர்களும் கிறுக்கியவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அதில் ஒரு கிறுக்கல், கிரேக்க எழுத்துக்களின் எண்மதிப்பைக் கூட்டி ‘ஆண்டவர்’ என்ற சொல்லும் ‘விசுவாசம்’ என்ற சொல்லும் இரண்டுமே 800 என்று கணக்குப் போடுகிறது. 2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் யாரோ எழுதியது என்று ஆய்வாளர் ரோஜர் பாக்னல் கருதுகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 666 என்ற எண்ணைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். எழுத்தை எண்ணாக்குவது அந்தக் காலத்தில் தெருவில் போகிறவனுக்கும் தெரிந்த விளையாட்டு.

“நீ மரணபரியந்தம் உண்மையாயிரு” என்ற வசனம் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். அது இந்த ஊருக்கு எழுதியது. சில பத்தாண்டுகள் கழித்து, 155 வாக்கில், இங்கே மூத்த கண்காணியான பாலிகார்ப்பைத் தீயில் நிறுத்தினார்கள். எண்பத்தாறு வருஷம் ஊழியம் செய்தேன், எப்படி மறுதலிப்பேன் என்று அவர் கேட்டதாகப் பழைய பதிவு.

பெர்காமா இஸ்மிருக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். கோட்டைமலைக்குக் கேபிள் கார் உண்டு. உச்சியிலுள்ள அரங்கம் அத்தனை செங்குத்து, மேல்வரிசையிலிருந்து கீழே பார்த்தால் எனக்கு முழங்கால் ஆடியது. ‘சாத்தானுடைய சிங்காசனம்’ எது என்று வழிகாட்டி ஒரு மேடையைக் காட்டுவார். கிரேக்கக் கடவுள் சீயுஸின் பலிபீட அடித்தளம் அது, மேலே இரண்டு பைன் மரங்கள் நிற்கும். சிற்பங்களை 1878 முதல் கார்ல் ஹூமன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தோண்டியெடுத்து பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆனால் சிங்காசனம் அதுதான் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ரோமப் பேரரசர் அகஸ்து ராயனுக்கு ஆசியா மாகாணத்தில் முதல் கோவில் கி.மு. 29-இல் அனுமதிக்கப்பட்டது இந்த ஊரில்தான். ராயனை வணங்கு என்ற கட்டாயத்தைத்தான் யோவான் சொல்கிறார் என்பது பல அறிஞர்களின் கருத்து, எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. கீழே ஊருக்குள் உள்ள சிவப்புச் செங்கல் கோவிலையும் பாருங்கள். எகிப்தியத் தெய்வங்களுக்குக் கட்டியது, பிறகு உள்ளே ஆலயம் வந்தது, இப்போது ஒரு வட்டக் கோபுரத்தில் மசூதி. அடியில் ஒரு ஆறே ஓடுகிறது.

படி 5: ஒரே நாளில் தியத்தீரா, சர்தை

தியத்தீராவுக்கு அரை மணி நேரம் தாராளம். அக்ஹிசார் கடைவீதி நடுவில் வேலியிட்ட ஒரு மனை, உள்ளே சில வளைவுகள், தூண்கள். இங்கே கிடைத்த கல்வெட்டுகளில் சாயக்காரர், தோல் தொழிலாளர், வெண்கல வேலைக்காரர் என்று தொழிற்சங்கம் தொழிற்சங்கமாக வருகிறது. பிலிப்பியில் பவுலைச் சந்தித்த, இரத்தாம்பரம் (ஊதாச் சாயத் துணி) விற்கிற லீதியாள் இந்த ஊர்க்காரி. சங்க விருந்து என்றால் தெய்வத்துக்குப் படைத்த சாப்பாடு. போகாவிட்டால் வியாபாரம் போச்சு. கடிதத்தில் ‘விக்கிரகங்களுக்குப் படைத்தவை’ பற்றி ஏன் இவ்வளவு காரம் என்பது புரியும். பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வெயில் ஏறுமுன் சர்தைக்குப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் ஏழில் மிக நல்ல இடம் சர்தை. கூட்டம் குறைவு. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது, இனி கூடலாம். லீதிய அரசன் குரோசஸின் தலைநகரம். பக்கத்தில் ஓடும் பக்தோலஸ் ஓடையில் பொன் அரித்தார்கள். பொன்னைச் சுத்திகரித்த உலைகளையே 1960-களில் தோண்டிக் கண்டுபிடித்தார்கள்.

முதலில் சாலையோரம் உள்ள யூத ஜெப ஆலயத்துக்குப் போங்கள். 1962-இல் வெளிப்பட்டது. பண்டைய உலகில் தெரிந்தவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று, 80 மீட்டருக்கும் அதிக நீளம். சுரங்கத்துக்குள் ஒளிந்து கும்பிட்ட கூட்டமில்லை இவர்கள், ஊரின் பொது உடற்பயிற்சிக் கூடத்தோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, தரைமுழுக்கச் சித்திரக்கல் பதித்துக் கட்டியிருக்கிறார்கள். சிரியாவை ஆண்ட அரசன் மூன்றாம் அந்தியோகு மெசொப்பொத்தாமியாவிலிருந்து 2,000 யூதக் குடும்பங்களை லீதியா, பிரிகியா பகுதிகளில் குடியமர்த்தியதாக வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். ஒபதியா தீர்க்கதரிசி சொல்லும் செபாராத் என்ற ஊரே சர்தைதான் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். பழைய ஏற்பாட்டு நூலும் புதிய ஏற்பாட்டுக் கடிதமும் ஒரே ஊரில் சந்திக்கிற இடம்.

அப்புறம் ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஆர்ட்டெமிஸ் கோவில். முழு உயரத்தில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. கோவிலின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஆலயத்தைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து கோட்டைப் பாறையைப் பாருங்கள். செங்குத்தாக, இடிந்து விழுகிற மண்பாறை. யாராலும் ஏற முடியாது என்று காவலே போடவில்லை. பாரசீக அரசன் சைரசின் படை முற்றுகையிட்டபோது மேலிருந்து ஒரு சிப்பாயின் தலைக்கவசம் உருண்டு விழுந்தது. அவன் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போனதை எதிரி ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதே வழியில் ஏறினார்கள், ஊர் விழுந்தது. இது கிரேக்க வரலாற்றாசிரியர் ஏரோதோத்து சொல்லும் கதை. முந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து அந்தியோகு முற்றுகையிட்டபோதும் இதேபோலக் காவல் இல்லாத மதில் வழியாகத்தான் விழுந்தது. ஒரே தவறு, இரண்டு முறை! அந்த ஊருக்கு ‘விழித்துக்கொள், திருடனைப்போல் வருவேன்’ என்று எழுதினால் உள்ளூர்க்காரனுக்குச் சுருக்கென்று குத்தியிருக்கும். பாறைமேல் ஏற முயலாதீர்கள், மண் சரியும்.

படி 6: பிலதெல்பியாவின் மூன்று தூண்கள்

மறுநாள் காலை அலாஷெஹிர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நல்ல சாலை. கி.பி. 17-இல் பெரும் நிலநடுக்கம் இந்த வட்டாரத்தையே புரட்டிப்போட்டது. சுவர்கள் நித்தம் விரிசல் விடுகின்றன, அதனால் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே வயல்களில் வாழ்கிறார்கள் என்று அதற்குப் பிறகு அக்காலப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதினார். இந்த ஊருக்கு வந்த வாக்கு: ஜெயிக்கிறவனைத் தேவாலயத்தில் தூணாக்குவேன், ‘அதினின்று அவன் ஒருக்காலும் நீங்குவதில்லை’. வீட்டைவிட்டு வெளியே ஓடி ஓடிப் பழகியவர்களுக்கு, நீங்க வேண்டியதே இல்லை என்ற சொல்.

மார்த்தாண்டத்து அக்காவிடம் இதைச் சொன்னேன். “அப்ப தூணு மட்டும் நிக்கறது சரிதான் அண்ணே” என்றார்.

படி 7: லவோதிக்கேயா, கையில் ஒரு குழாய்க்கல்

இதற்கு ஒரு முழு நாள் வையுங்கள், முடிந்தால் ஒன்றரை. 2000-களின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து தோண்டுகிறார்கள், ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது புதிதாக நிமிர்த்தியிருப்பார்கள். 2010-இல் கண்டுபிடித்த 4-ஆம் நூற்றாண்டு ஆலயத்தின் தரையைக் கண்ணாடிப் பாதையில் நடந்து பார்க்கலாம்.

ஆனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது நீர்க்கோபுரம். அதில் ஏறும் சுட்டமண் குழாய்களின் உள்ளே பாருங்கள். சுண்ணாம்பு படிந்து படிந்து, வளையம் வளையமாக, குழாய்த் துளையே சுருங்கிப் போயிருக்கிறது. நம் ஊரில் உப்புத்தண்ணீர்க் குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சிதான், இது மட்டும் கல்லாகவே ஆகிவிட்டது. தெற்கேயிருந்து கொண்டுவந்த தண்ணீர் அப்படி. 114-ஆம் ஆண்டைச் சேர்ந்த தண்ணீர்ச் சட்டக் கல்வெட்டு ஒன்றும் இங்கே கிடைத்தது, திருட்டு இணைப்புக்கு அபராதம் உட்பட.

இப்போது வடக்கே திரும்புங்கள். பள்ளத்தாக்குக்கு எதிரே வெள்ளையாகத் தெரிவது பாமுக்கலே, பழைய எராப்போலி. அங்கே வெந்நீர் ஊற்று, சுமார் 35 டிகிரி. தென்கிழக்கே கொலோசே பக்கம் மலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர். நடுவில் இரண்டுமில்லாத இந்த ஊர். “குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறபடியினால்” என்ற வசனத்துக்கு இந்த விளக்கம்தான் பிரபலம். விருந்தில் பானத்தைச் சூடாகவோ குளிரவைத்தோ தரும் வழக்கத்தைத்தான் சொல்கிறது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எது சரியென்றாலும், சூடு நல்லது குளிர் கெட்டது என்று நாம் கேட்டு வளர்ந்த பிரசங்கம் இங்கே நிற்காது. வெந்நீர் உடம்புக்கு இதம், குளிர்நீர் தாகத்துக்கு இதம், இரண்டுமே நல்லதுதான்.

கடிதத்தில் இன்னும் மூன்று உண்டு: பொன், வெண்வஸ்திரம், கண்ணுக்கு இடும் மருந்தான கலிக்கம். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் விழுந்தபோது ரோமின் உதவியில்லாமல் சொந்தக் காசில் எழுந்த ஊர் இது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார். அவ்வளவு பணம். இந்த ஊர் கறுப்புக் கம்பளிக்குப் பேர்போனது, அதற்கு எதிராக வெண்வஸ்திரம். பக்கத்தில் மருத்துவப் பள்ளி இருந்ததாக ஸ்திராபோ சொல்கிறார். கலிக்கம் என்ற நம் சித்த மருத்துவச் சொல்லை அன்றைய மொழிபெயர்ப்பாளர் எங்கே பிடித்தாரோ, அற்புதமான தேர்வு.

மாலையில் பாமுக்கலேயின் வெள்ளைத் திட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள், அது கட்டாயமும்கூட. மேலே அப்போஸ்தலன் பிலிப்புவின் நினைவாலயம் வரை ஏற்றம். மறுநாள் நேரமிருந்தால் ஹோனாஸ் அருகே கொலோசே. பார்வைக்கு வெறும் மேடுதான், வெள்ளரி வயலுக்கு நடுவில் நிற்பது போலத் தோன்றும், ஆனால் பக்கத்து ஓடையில் கைவைத்துப் பார்க்காமல் வராதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது கண்டிப்பு. எந்த இடத்திலும் கல்லையோ ஓட்டுத் துண்டையோ எடுக்காதீர்கள். துருக்கியில் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம், சிறைத் தண்டனை உண்டு, விமான நிலையத்தில் பை சோதிப்பார்கள். நம் அக்கா நீர்க்கோபுரத்தின் கீழே உடைந்து கிடந்த ஒரு குழாய்த் துண்டை எடுத்துக் கைப்பைக்குள் வைக்கப்போனார், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவாம். காவலர் தூரத்தில் நின்றபடியே விரலை ஆட்டினார். அக்கா அதை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமே மேலே இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டு, கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டார்.